மளிகைச் செலவைக் குறைக்க ஓர் எக்ஸெல் ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எல்லா வீட்டிலும் எழும் கேள்வி, கீழப்பாவூரில் எங்கள் வீட்டிலும் எழுந்தது. "பாட்டு, படம் எல்லாம் சரி. மாசாமாசம் தவணை கட்டுதோமே, இதனால வீட்டுக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார் மனைவி. மளிகைச் செலவில் மிச்சம் பிடித்து, தவணையில் பாதியையாவது ஈடுகட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அமெரிக்காவில் 'பிரைஸ் மேட்சிங்' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருள் வேறு கடையில் குறைந்த விலைக்குக் கிடைப்பதைக் காட்டினால், சில பெரிய கடைகள் அதே விலைக்குத் தந்துவிடும். வால்மார்ட் நிறுவனம் இந்த ஒப்பீட்டைத் தானே செய்து வித்தியாசத்தைத் திருப்பித் தரும் 'சேவிங்ஸ் கேட்சர்' என்ற வசதியை 2014-ல் நாடெங்கும் கொண்டு வந்து, 2019-ல் நிறுத்தியது. நம் ஊரில் அப்படிச் சட்டதிட்டம் எதுவும் இல்லை. ஆனால் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. என்பது உச்ச விலைதான். அதற்குக் குறைத்து விற்கக் கடைக்காரருக்குத் தடை இல்லை. கேட்டுப் பார்க்கலாம். கேட்பதற்குக் கையில் சரியான கணக்கு வேண்டும்.

ஷீட் தயாரிப்பது எப்படி?

எக்ஸெல் இல்லாதவர்கள், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். முதல் வரிசையில் ஏ1 செல்லில் தொடங்கி, பொருள், கடை, எடை (கிராமில்), விலை, கிலோ விலை, தேதி என்று வரிசையாக டைப் செய்யுங்கள். இரண்டாம் வரிசையில் ஒரு பொருளின் விவரங்களைக் கொடுங்கள். இனி இ2 செல்லைக் கிளிக் செய்து சமக்குறி தட்டுங்கள். விலை உள்ள டி2 செல்லைக் கிளிக் செய்து, சாய்கோடு தட்டி, எடை உள்ள சி2 செல்லைக் கிளிக் செய்யுங்கள். பிறகு நட்சத்திரக் குறி, 1000 என்று தட்டி என்டர் அழுத்துங்கள். கிலோ விலை வந்துவிடும். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் கணக்கு தானாக வரும்.

"பாக்கெட்டிலேயே இப்போது கிராம் விலை போடுகிறார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். பொட்டலப் பொருட்களுக்கான விதிகளில் 2021-ல் செய்த திருத்தத்தால் வந்தது அது. ஆனால் ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு இவ்வளவு என்றும், கூடிய பாக்கெட்டில் கிலோவுக்கு இவ்வளவு என்றும் இருக்கும். 500 கிராம் பாக்கெட்டையும் 2 கிலோ பாக்கெட்டையும் கடையில் நின்றபடி ஒப்பிடுவது எளிதல்ல. ஷீட்டில் இரண்டும் ஒரே அளவுக்கு வந்துவிடும்.

தேதியை விட்டுவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் குறித்த விலையை வைத்துக்கொண்டு இன்று பேரம் பேசினால் நமக்குத்தான் நஷ்டம்.

எண்ணெயில் வழுக்கினேன்

இரண்டு வாரம் பில்களைச் சேர்த்து ஷீட்டை நிரப்பினேன். பிரின்ட் எடுத்துக்கொண்டு, வழக்கமாகப் பற்று வைத்து வாங்கும் அண்ணாச்சி கடைக்குப் போனேன். "கடலை எண்ணெய் உங்ககிட்ட 200 ரூவா. தென்காசியில 190-க்குத் தாரான். பத்து ரூவா கூட வாங்குதீங்களே அண்ணாச்சி" என்றேன். கடையில் நாலு பேர் நின்றார்கள்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. "தம்பி, நீங்க சொல்லுதது லிட்டரு. நான் தாரது கிலோ. வீட்டுல போயி எடை போட்டுப் பாருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். 1 லிட்டர் என்பதற்குப் பக்கத்திலேயே 910 கிராம் என்று போட்டிருந்தது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பதை மறந்து, எடைக் கட்டத்தில் 1000 என்று டைப் செய்திருந்தேன். 910 என்று மாற்றியதும் தென்காசி எண்ணெய் கிலோ 208 ரூபாய் 79 காசு ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் தப்பே செய்யவில்லை, கொடுத்த கணக்கைத்தான் போட்டது. மறுநாள் கடைக்குப் போய், அதேபோல் நாலு பேர் இருக்கும்போதே, "தப்பு என்னுதுதான் அண்ணாச்சி" என்று சொன்ன பிறகுதான் மனம் ஆறியது.

அண்ணாச்சி சிரித்துவிட்டுத் தாளை வாங்கிப் படித்தார். உளுந்து, மிளகாய் வற்றல், சலவைத்தூள் மூன்றுக்கும் தென்காசி விலைக்கே தருவதாகச் சொன்னார். சர்க்கரையிலும் பிராண்டட் டீத்தூளிலும், "அதுல எனக்கு நிக்குததே கொஞ்சம் தம்பி" என்று மறுத்துவிட்டார்.

ஷீட்டில் வராத செலவு

பிறகு எஃப் கட்டத்துக்குப் பக்கத்தில் 'போக்குவரத்து' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். தென்காசிக்கு வண்டியில் போய்வர சுமார் 30 கிலோமீட்டர், பெட்ரோல் ஏறக்குறைய 70 ரூபாய். மூன்று பொருளில் கிடைக்கும் மிச்சம் வழியிலேயே போய்விடும். அம்மா டவுன் பஸ்ஸில் பாவூர்சத்திரம் போனால் செலவு பூஜ்யம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

ரேஷன் கடைக்கும் ஒரு வரிசை கொடுங்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இதை எந்தக் கடையாலும் ஈடுகட்ட முடியாது. ஆனால் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ, ஒரு லிட்டர்தான். மிச்சத் தேவைக்குத்தான் கடை பார்க்க வேண்டும். காய்கறியை நான் சேர்க்கவில்லை. அதன் விலை தினமும் மாறும்.

முதல் மாதம் 410 ரூபாய் மிச்சம். தவணையில் பாதிக்கு எட்டவில்லை. மனைவி ஷீட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி மாசக் கடைசி வரைக்கும் வட்டி இல்லாம கடன் தாராரே, அதுக்கு எந்தக் கட்டம்?" என்று கேட்டார். அதற்கு எந்த ஃபார்முலாவும் எனக்குத் தெரியவில்லை. பெரும்பாலான பொருட்களை இன்றும் அங்கேதான் வாங்குகிறோம்.

நீங்களும் அதிகம் வாங்கும் பத்துப் பொருட்களோடு இன்றே ஒரு ஷீட் தொடங்குங்கள். அதைக் கடைக்கு எடுத்துப் போகும் முன், எடைக் கட்டத்தை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.