மூளையை எதிர்பாராத கால்கள்

வன்னியில் மிளகாய்த் தோட்டத்துக்கு நீர் இறைக்கிறவர்களுக்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. பம்ப் முழு வேகத்தில் ஓடும்போது குழாய் கைநழுவினால், அது தரையில் கிடந்து அடங்காமல் துள்ளும். துள்ளச் சொல்லி யாரும் அதற்குக் கட்டளை கொடுப்பதில்லை. பாய்கிற நீரின் விசையும் வளைந்து கொடுக்கும் குழாயும் சேர்ந்தே அந்த ஆட்டத்தை உண்டாக்குகின்றன. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஆமொல்ஃப் ஆய்வு நிறுவனத்தில் பாஸ் ஓவர்வெல்டெயின் குழு இதுபோன்ற துள்ளலை நடையாகவே மாற்றிவிட்டது. அந்த ஆய்வு 2025 மே மாதம் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்டது மெல்லிய சிலிக்கோன் குழாய். அதை மடித்துப் பொருத்தி, உள்ளே ஒரே சீராகக் காற்றைச் செலுத்தினார்கள். மடிந்த இடத்தில் காற்று தடைப்பட, அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் மடிப்பைத் தள்ளி நகர்த்தும். காற்று வெளியேறியதும் அழுத்தம் இறங்கி, குழாய் மறுபடி மடியும். கண் தொடர முடியாத வேகத்தில் இது திரும்பத் திரும்ப நடப்பதால் குழாய் துடிக்கிறது. தனியே ஒரு குழாய் என்றால் அது வெறும் துடிப்புத்தான். பல குழாய்களைக் கால்களாக ஓர் உடம்பில் பூட்டித் தரையில் விட்டபோதுதான் அதிசயம் நடந்தது. ஒரு காலின் உதைப்பு உடம்பு வழியாகவும் தரை வழியாகவும் அடுத்த காலுக்குப் போய்ச் சேர, சற்று நேரத்தில் எல்லாக் கால்களும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன. தன் உடல் நீளத்தைப் போல 30 மடங்கு தூரத்தை ஒரே வினாடியில் கடந்தது அந்தச் சின்ன ரோபோ. தண்ணீரில் இறங்கியதும், தரையில் ஒன்றாகத் துள்ளிய கால்கள் மாறி மாறி அடித்து நீந்தத் தொடங்கின.

நடையை மாற்றச் சொன்னது யார்? தண்ணீர்தான். கால்களை ஒத்திசைக்கும் கணினியோ, தரையையும் நீரையும் பிரித்தறியும் சென்சரோ அதில் இல்லை. உடம்பும் சூழலும் தமக்குள் பேசி முடிவெடுத்துவிடுகின்றன.

தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இரும்பு ரோபோக்கள் இதற்கு நேர் எதிரானவை. ஒவ்வொரு மூட்டின் கோணத்தையும் மைய மூளை ஒன்று கணத்துக்குக் கணம் கணக்கிட்டு ஆணையிட வேண்டும். தளம் சமதளமாகவும் பொருள்கள் வைத்த இடத்திலும் இருந்தால் அந்த முறைக்கு இணையில்லை. வேரும் கல்லும் சேறும் நிறைந்த காட்டில் கொண்டுபோய் விட்டால் அதே இயந்திரம் திணறிப்போகும். இதை நன்றாக உணர்ந்தவர்களில் ஒருவர் இலங்கையர். பேராசிரியர் திரிஷாந்த நாணயக்கார இன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ரோபோ ஆய்வுக்கூடம் ஒன்றை நடத்துகிறார். உடம்பின் அமைப்பே மூளையின் வேலையில் ஒரு பங்கைச் செய்துவிடும் என்பதுதான் அவருடைய ஆய்வுகளின் மையக் கருத்து. லண்டனுக்குப் போகுமுன் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அவர் மல்லுக்கட்டியது மிதிவெடிகளோடு.

மிதிவெடி என்றால் என்னவென்று வன்னிக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பல ஆண்டுகள் போர் முன்னரங்காக இருந்த முகமாலை, நாட்டின் மிகப் பெரிய மிதிவெடி வயல்களில் ஒன்றாக இருந்தது. அங்கே புதைந்து கிடந்த, பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 ரக வெடியின் உடல் பிளாஸ்டிக். அதற்குள் இருக்கும் உலோகம் மிகச் சொற்பம் என்பதால் உலோகங்காட்டிக் கருவி அதைத் தவறவிட வாய்ப்பு உண்டு. அதே மண்ணில் தோட்டாக் கோதுகளும் எறிகணைச் சிதறல்களும் விரவிக் கிடப்பதால் ஆபத்தில்லாத இடத்திலும் கருவி ஓயாமல் கத்தும். எனவே நீண்ட பிடி போட்ட இரும்பு வாரியால் மண்ணைப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கும் முறை இங்கே கைக்கொள்ளப்பட்டது. வெயிலில் கனத்த கவச அங்கியும் முகமூடியும் அணிந்து இந்த வேலையைச் செய்தவர்களில் வன்னிப் பெண்கள் பலர். குடும்பத்தைத் தனியே சுமக்கிறவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

நாணயக்காரவும் அவருடைய மாணவர்களும் 2008ஆம் ஆண்டளவில் முன்வைத்த வழியில் ஒரு கீரி இருந்தது. ‘முரளி’ என்று பெயரிட்ட ரோபோ ஒன்றை மனிதர் தூரத்தில் இருந்து இயக்குவார். அதனோடு பிணைத்த கீரி மண்ணை மோந்துகொண்டே நகரும். வெடிமருந்து வாடை அடித்த இடத்தில் நின்று காட்ட அதற்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது. கீரிக்கு எடை குறைவு, எனவே வெடியை அது மிதித்து இயக்கிவிடும் அபாயம் இல்லை. மணத்தை அறிகிற வேலையை விலங்கின் மூக்கும், திசை காட்டுகிற வேலையை இயந்திரமும், முடிவெடுக்கிற வேலையை மனிதரும் பங்கிட்டுக்கொண்டார்கள். வன்னியின் மிதிவெடிகளை அகற்றுவதில் கடைசியில் பெரிதும் உழைத்தவை மனிதக் கைகளும் வாரிகளுமே. ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே மூளைக்குள் திணிக்கத் தேவையில்லை என்ற எண்ணம் அந்தக் கீரியிடமே தொடங்கிவிட்டது.

லண்டனில் அவருடைய குழு ஆராய்ந்த பொருள்களில் ஒன்று ஆட்டின் குளம்பு. மாரி மழையில் நனைந்த குளக்கட்டின் சரிவில் வெள்ளாடு இறங்குவதைக் கவனித்தால் காரணம் விளங்கும். குளம்பு தரையில் பட்டதும் பிளவுண்ட இரு பாதிகளும் சற்று விரிகின்றன. குளம்பை ஒட்டிய சிறு மூட்டுகள் விறைத்து நிற்காமல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கின்றன. சறுக்கல் தொடங்கும் கணத்தில் அந்த அதிர்வை மூட்டே விழுங்கிக்கொள்கிறது. ‘வழுக்குகிறது’ என்ற செய்தி மூளைக்குப் போய், அங்கிருந்து தசைக்கு ஆணை வருகிறவரை காத்திருந்தால் ஆடு கட்டின் அடியில் கிடக்கும். இந்தக் குழு செயற்கைக் குளம்பு ஒன்றைச் செய்து, மூட்டின் நெகிழ்வு எந்த அளவில் இருந்தால் வழுக்கல் குறைகிறது என்று அளந்து 2019இல் வெளியிட்டது. கட்டுப்பாடு என்பது மின்சுற்றில் மட்டும் இருப்பதில்லை, மூட்டின் இறுக்கத்திலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஓர் உடம்புக்குள் நடக்கிற இந்த விஷயம் பல உடம்புகளுக்கு இடையிலும் நடக்கும். வன்னிக் காட்டோரங்களில் ஆளுயரத்துக்கு எழும் கறையான் புற்றுகளை எடுத்துக்கொள்ளலாம். புளியம்பொக்கணையிலும் புதூரிலும் நாகதம்பிரானைக் கும்பிடுகிற மக்களுக்குப் புற்று புனிதமானது. உயிரியலாளர்களுக்கு அது தீராத புதிர். கறையான்களில் ராணி உண்டு, ஆனால் அது முட்டையிடுமே தவிரக் கட்டட வேலைக்கு ஆணையிடாது. ஒரு கறையான் மண் உருண்டையை வைத்த இடம், அடுத்த கறையானைத் தன் உருண்டையையும் அங்கேயே வைக்கத் தூண்டுகிறது. 1959இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பியர் போல் கிராசே இதை விளக்கினார். வேலை எவ்வளவு முடிந்திருக்கிறதோ அதுவே அடுத்த வேலைக்கான ஆணை.

சென்னை ஐஐடியில் படித்து ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் எல். மகாதேவனும் அவருடைய சகாக்களும் பெங்களூரில் இத்தகைய புற்றுகளுக்குள் கருவிகளை இறக்கி அளந்தார்கள். பகலில் புற்றின் மெல்லிய வெளிப் பகுதி விரைவில் சூடாக, அங்கே காற்று மேலேறி நடுப்பகுதி வழியாகக் கீழிறங்குகிறது. இரவில் வெளிப்புறம் குளிர்ந்ததும் ஓட்டம் தலைகீழாகிறது. பகலும் இரவும் மாறி வருவதைக் கொண்டே புற்று மூச்சு விடுகிறது என்று 2015இல் அவர்கள் எழுதினார்கள். அதே ஹார்வர்டில் ஜஸ்டின் வெர்ஃபெல், கிர்ஸ்டின் பீட்டர்சன், ராதிகா நாக்பால் மூவரும் 2014இல் கறையானைப் பின்பற்றிச் சிறு ரோபோக்களைச் செய்தார்கள். தலைவன் இல்லாமல், ஒன்றோடொன்று பேசாமல், முன்னால் இருக்கும் கட்டைகளை மட்டும் பார்த்து அவை படியும் கோபுரமும் கட்டின.

இவை எல்லாம் நாளையே வயலுக்கு வந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. 2016இல் பெரும் வரவேற்புப் பெற்ற ஒக்டோபொட் என்ற சிலிக்கோன் எண்காலியை எடுத்துக்கொண்டால், ஹைட்ரஜன் பெரொக்சைட்டின் வேதிவினையில் பிறக்கும் வாயுவால், மின்கலம் எதுவும் இல்லாமலே அதன் கைகள் எழுந்து தாழ்ந்தன. ஆனால் ஓரடிகூட நடக்க அதனால் முடியவில்லை. துள்ளி ஓடும் குழாய்க் கால்களுக்கும் காற்றுக்குப் பம்ப் வேண்டும். சிலிக்கோன் கிழியும். சூரையும் காரையும் மண்டிய வன்னிப் பற்றைக்குள் மென்மையான உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்பது இங்கேதான் சோதிக்கப்பட வேண்டிய கேள்வி.

அதைச் சோதிக்க வன்னியில் இடமும் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் அடுத்தடுத்து இருக்கின்றன. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியா வளாகமும் தொலைவில் இல்லை. மென் ரோபோத் துறையில் முதல் பரிசோதனைக்குக் கோடிக்கணக்கில் பணம் தேவைப்படாது. சிலிக்கோன் பாலும், அதை வார்க்க முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுத்த ஒரு வார்ப்பச்சும், மீன்தொட்டிக் காற்றுப் பம்ப் ஒன்றும் இருந்தால் மாணவர் ஒருவர் வளைந்து பற்றும் ரப்பர் விரலைச் செய்துவிடலாம். பழுத்த தக்காளியை நசுக்காமல் பறிக்கிற கையும், சேற்று வயலில் நாற்றை மிதிக்காமல் நடக்கிற காலும் அங்கே பொறியியல் மாணவரும் விவசாய மாணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்ய வேண்டியவை.