கொய் மீன் வளர்ப்பு

பொழுதுபோக்குகள் பலவிதம். தபால் தலை சேர்ப்போர், நாணயம் சேர்ப்போர், பூச்செடி வளர்ப்போர் என நம்மிடையே பலர் உளர். தபால் தலைகளை ஆல்பத்தில் ஒட்டி ஓராண்டு திறக்காமல் வைத்தாலும் அவற்றுக்கு ஒன்றும் நேராது. உயிருள்ள ஒன்றை வளர்ப்பது அப்படியன்று. ஜப்பானியர் உலகிற்கு அளித்த கொய் மீன் வளர்ப்பு இதற்கு நல்ல உதாரணம். அதைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

'கொய்' என்பது கெண்டையைக் குறிக்கும் ஜப்பானியச் சொல். வண்ணக் கெண்டைகளை அவர்கள் 'நிஷிகிகொய்' என்பர். 'நிஷிகி' என்றால் பல நிற நூல்களால் நெய்த ஜரிகைப் பட்டு. கடையில் பட்டுப்புடவையை விரித்துப் பார்க்கும் நம் தாய்மாரின் கண்களோடு அவர்கள் இம்மீனைப் பார்த்தார்கள் போலும்! ஆனால் இது அரண்மனையில் பிறந்ததன்று. நீகாட்டா மாநிலத்து மலைப்பகுதியான யமகோஷியில் குளிர்காலத்தில் ஆள் உயரத்திற்கும் மேல் பனி மூடிவிடும். வெளியூர்ப் போக்குவரத்து நின்றுவிடும். ஆகவே அங்குள்ள உழவர்கள், அடுக்கடுக்கான நெல்வயல்களுக்கு நீர் தேக்கும் குளங்களில் கருநிறக் கெண்டைகளை உணவுக்காக வளர்த்து வந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றிடையே சிவப்பு, வெள்ளை நிறமுள்ள குஞ்சுகள் சில தோன்றின. குழம்பில் போட மனம் வராமல் அவற்றைத் தனியே வளர்த்து இனம் பெருக்கினர். 1914-இல் டோக்கியோவில் நடந்த பொருட்காட்சியில் வைக்கப்பட்ட பின்னரே நாடெங்கும் இவற்றின் புகழ் பரவிற்று. வெண்ணிற உடலில் சிவப்புத் திட்டுகள் உடையது 'கோஹாக்கு'. அதனுடன் கறுப்பும் சேர்ந்தால் 'சாங்க்கே'. கருநிற உடலில் சிவப்பும் வெள்ளையும் படர்ந்தது 'ஷோவா'. நம் மீன் சந்தையில் விற்கும் சாதாக் கெண்டை இவற்றுக்கு நெருங்கிய உறவு என்றால் பலர் நம்பமாட்டார்கள்.

கொய் மீனின் அழகு அதன் முதுகில் இருக்கிறது. கரையில் நின்று மேலிருந்து பார்ப்பதற்காகவே இதனைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். ஆகவே வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டி இதற்கு ஏற்றதன்று. மேலும், கடையில் விரல் நீளம் இருக்கும் குஞ்சு, நன்கு வளர்ந்தால் 60 அல்லது 70 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழமும், பல ஆயிரம் லிட்டர் தண்ணீரும் கொண்ட குளம் வேண்டும். இதைச் சொல்லி விற்கும் கடைக்காரர் மிகச் சிலரே!

குளம் ஆயிற்று, மீனும் வாங்கியாயிற்று என்றால் வேலை முடிந்ததா? இனிமேல்தான் தொடங்குகிறது. மீனை வளர்ப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் நாம் வளர்ப்பது தண்ணீரை. மீன் தன் செவுள்கள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது மீனுக்கே நஞ்சு. வடிகட்டியிலுள்ள கற்களிலும் பஞ்சுகளிலும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் குடியேறி, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறு சில பாக்டீரியாக்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் ஆபத்துக் குறைகிறது. இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள் போதிய அளவு பெருகுவதற்குப் பல வாரங்கள் ஆகும். புதுக்குளத்தில் முதல் நாளே பத்து மீன்களை விடுபவர் அவற்றை இழப்பது இதனால்தான்.

சுத்தம் சோறு போடும் என்பது நம் பழமொழி. இங்கோ, சுத்தத்தில் அதிக ஆர்வம் உள்ளவர்களே சில வேளை தம் மீன்களைக் கொன்றுவிடுகிறார்கள். வடிகட்டியைக் குழாய்த் தண்ணீரில் பளபளவென்று கழுவினால், அந்நீரிலுள்ள குளோரின் நல்ல பாக்டீரியாக்களை அழித்துவிடும். குளத்து நீரிலேயே மெல்ல அலசவேண்டும். குளத்தில் விடும் புதுத்தண்ணீரிலும் குளோரின் நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

தண்ணீர் வெப்பமடைந்தால் அதில் கரையும் பிராணவாயு குறையும். எனவே கோடையில் நீரிறைக்கும் பம்பு சில மணி நேரம் நின்றாலும் நெருக்கடிதான். மின்சாரத்தை நம்பி வாழும் மீன்களின் நிலையை யமகோஷி மக்கள் கண்கூடாகக் கண்டனர். 2004 அக்டோபர் 23 அன்று மாலை நீகாட்டா பகுதியைக் கடும் நிலநடுக்கம் தாக்கியது. அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைப்பாதைகள் சரிந்துபோக, யமகோஷி மக்கள் அனைவரும் ஹெலிகாப்டரில் வெளியேற்றப்பட்டனர். மலைக்குளங்களிலிருந்து மீன்களை வீட்டுத் தொட்டிகளுக்குக் கொண்டுவரும் பருவம் அது. கரைகள் உடைந்தன, பம்புகள் நின்றன, ஏராளமான மீன்கள் மாண்டன. எஞ்சியவற்றில் சிலவற்றைப் பின்னர் ஹெலிகாப்டரிலேயே தூக்கிச் சென்று காத்தனர். அவற்றைக் கொண்டு வளர்ப்போர் மீண்டும் தொழிலைத் தொடங்கினர்.

இத்தனை தொல்லைக்கு என்ன பலன் என்று கேட்கலாம். காலடி ஓசை கேட்டதும் மீன்கள் கரைக்கு வந்து கூடும். பொறுமையாகப் பழக்கினால் கையிலிருந்தே தின்னும். கெண்டையின் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் உண்டு; எனவே சிறுமியரும் அஞ்சாமல் ஊட்டலாம். இதற்குத் தனியே இரைப்பை இல்லாததால் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுப்பது நன்று. தின்னாமல் மிஞ்சும் தீனி தண்ணீரைக் கெடுக்கும். ஆண்டுதோறும் நிறத்திட்டுகள் மாறுவதைக் காண்பது தனி இன்பம்: இவ்வாண்டு மங்கலாயிருந்த சிவப்பு அடுத்த ஆண்டு குங்குமமாகலாம், அல்லது மறைந்தே போகலாம்.

புதிதாக வாங்கிய மீனைச் சில வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பது அவசியம். 1990-களின் இறுதியில் கொய் மீன்களைத் தாக்கும் ஒரு வகை ஹெர்பிஸ் வைரஸ் கண்டறியப்பட்டது. அது குளத்தில் நுழைந்தால் பெரும்பாலான மீன்கள் சில நாட்களில் இறந்துவிடும், மருந்து இல்லை.

நன்கு பேணப்படும் கொய் 25 ஆண்டுகளுக்கும் மேல் வாழும். பத்து வயதுச் சிறுமி இன்று வாங்கும் குஞ்சு, அவள் படித்து, மணமாகி, வேற்றூர் சென்ற பின்னும் நீந்திக்கொண்டிருக்கும். அப்போது அதற்குத் தீனி போடப்போவது பெரும்பாலும் அவள் தாயாராகத்தான் இருக்கும்! வளர்க்க இயலாத நிலை வந்தால் குளம் உள்ள மற்றொருவரிடம் கொடுக்கலாம். ஆற்றிலோ ஏரியிலோ விடுதல் கூடாது. கெண்டை அடிமண்ணைக் கிளறி இரை தேடும் மீன். அதனால் தண்ணீர் கலங்கி, வெயில் எட்டாமல் நீர்த்தாவரங்கள் அழியும், அவற்றை நம்பியிருக்கும் சிறு மீன்களும் அழியும்.