வெற்றுச் சட்டங்களில் தேவதைக் கதை

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் காலம் நாடகக் காலமுமாகும். சின்ட்ரெல்லா, அலாவுதீன் முதலிய கதைகளைப் பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் கலந்து நடிக்கும் நாடக வகைக்குப் ‘பாண்டமைம்’ என்று பெயர். பெயரைக் கேட்டு இதனை ஊமைக்கூத்து என்று எண்ணிவிடலாகாது. இதில் பேச்சுக்குக் குறைவே இல்லை. இளவரசனாக இளம்பெண்ணும், நகைப்பூட்டும் மூதாட்டியாக ஆடவரும் வேடமேற்பது மரபு. பசு வேடத்துக்குள் இருவர் புகுந்து நடப்பர். தீயவன் பதுங்கி வரும்போது, “உனக்குப் பின்னால் நிற்கிறான்!” என்று சிறுவர்கள் கூவி எச்சரிப்பர். பார்வையாளர் வாய்மூடி அமர்ந்திருந்தால் இந்நாடகம் உயிர்பெறாது.

பெருநகர அரங்குகளில் தொழில்முறை நடிகர்கள் நடிக்கும் இக்கதைகளைச் சிற்றூர்ப் பொது மண்டபங்களில் பயில்முறைக் குழுக்களும் நடிக்கின்றன. பகலில் வேறு தொழில் புரிவோர் மாலையில் ஒத்திகைக்குக் கூடுவர். திரைச்சீலை வரைவதும் உடை தைப்பதும் அவர்களே.

அத்தகையதொரு நாடகம் அரண்மனையிலும் நடந்தது. இரண்டாம் உலகப்போரின்போது இளவரசியர் எலிசபெத்தும் மார்கரெட்டும் வின்ட்சர் கோட்டையில் தங்கியிருந்தனர். அங்குள்ள வாட்டர்லூ மண்டபத்தில் 1941 டிசம்பரில் ‘சின்ட்ரெல்லா’ அரங்கேறியது. பதினொரு வயது மார்கரெட் சின்ட்ரெல்லாவாகவும், பதினைந்து வயது எலிசபெத் இளவரசனாகவும் நடித்தனர். உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் நாடகத்தை உருவாக்கினார். அரசகுமாரியருடன் அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளும், குண்டுவீச்சுக்கு அஞ்சி வெளியேற்றப்பட்டு அங்கு வந்திருந்த சிறுவர்களும் மேடையேறினர். பிறப்பால் இளவரசியான ஒருத்தி கந்தலுடுத்த ஏழைப் பெண்ணாக நின்ற காட்சி, கதையையே தலைகீழாக்கியிருக்கும்!

நுழைவுச் சீட்டில் திரண்ட பணம், படைவீரர்களுக்குக் கதகதப்பான ஆடைகள் பின்னுவதற்கான கம்பளி நூல் நிதிக்குச் சென்றது. 1944 வரை ஆண்டுதோறும் வெவ்வேறு கதைகள் தொடர்ந்தன. 1943இல் எலிசபெத் அலாவுதீனாக நடித்தபோது, பின்னாளில் அவரை மணந்த பிலிப் பார்வையாளருள் ஒருவராக இருந்தார்.

அம்மண்டபத்துச் சுவர்களில் பேரரசர்கள், படைத்தலைவர்களின் உருவப்படங்கள் மாட்டப்பட்டிருந்தன. போரின் அழிவுக்கு அஞ்சி ஓவியங்களை அகற்றியபோது சட்டங்கள் மட்டும் வெறுமையாக எஞ்சின. அவ்வெறுமையை நிரப்ப, இளம் ஓவியர் ஒருவர் தேவதைக் கதை மாந்தர்களைத் தாளில் வரைந்து ஒட்டினார். போர் முடிந்ததும் பழைய ஓவியங்கள் அவற்றின்மேலேயே மீண்டும் மாட்டப்பட்டன. 2020இல் அவ்வோவியங்களைத் தற்காலிகமாக இறக்கியபோது, பின்னால் மறைந்திருந்த சின்ட்ரெல்லாக் காலத்துச் சித்திரங்களை மக்கள் கண்டனர்.