இந்தப் பட்டம் செல்லுமா?

கள்ளக்குறிச்சிப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் எம்.ஏ., எம்.பி.ஏ. சேர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, “கவர்மென்ட் வேலைக்கு இது செல்லுமா?” என்றுதான். இங்கே அரிசி மில், சர்க்கரை ஆலை, தனியார் பள்ளிக்கூடங்களைத் தாண்டி நிலையான சம்பளம் என்றால் அரசாங்கம்தான் நினைவுக்கு வரும். கேள்வியில் தப்பே இல்லை.

செல்லும். யு.ஜி.சி.யின் 2020 விதிமுறைகள், அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டத்தை நேரடிப் பட்டத்துக்கு இணையாகவே வைக்கின்றன. ஆனால், செல்லுபடியாவது வேறு, பலன் தருவது வேறு. முதுநிலை ஆசிரியர் வேலைக்கு எம்.ஏ.வோடு பி.எட். வேண்டும், இளநிலையில் படித்த பாடமே முதுநிலையிலும் இருக்க வேண்டும். வணிகவியல் படித்தவர் ஆசைப்பட்டு எம்.ஏ. தமிழ் முடித்தால், அறிவு சேரும், அந்த வேலை சேராது.

இதே மாவட்டத்துக் கல்வராயன் மலைக்காரர்களுக்கு இன்னொரு முடிச்சு. பத்தாவதோடு நிறுத்திவிட்டுக் கூலி வேலைக்கு வெளியூர் போனவர்கள் அங்கே நிறையப் பேர். அவர்களில் ஒருவர் பிளஸ் டூ படிக்காமலே திறந்தநிலைப் பட்டம் வாங்கி, அதன்மேல் எம்.ஏ.வும் முடித்தார் என்று வையுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் அந்த அடுக்கே சரிந்துவிடும். பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையைத் தமிழக அரசு கறாராகப் பார்க்கிறது; 2009இல் இதற்கென்றே அரசாணை வந்தது. மலையில் ஆன்லைனில் படிப்பதே பாடு: வெள்ளிமலை கடைத்தெருவில் கிடைக்கும் செல்போன் சிக்னல் உள்ளடங்கிய ஊர்களில் கிடைக்காது. மரவள்ளிக் காட்டு வேலையை முடித்துவிட்டு, மேடு தேடிப் போய் வீடியோ இறக்கிப் படித்தவருக்கு, பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்பதைக் கடைசியில் சொல்வது கொடுமை.

ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவர்களின் கணக்கும் மாறிவிட்டது. உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வு 2020இல் நின்றது. 2023இல் அதற்குப் பதில் வந்தது ஒரே தடவை தரும் தொகை: முதுநிலைக்கு 20,000 ரூபாய். படிப்புச் செலவுக்கே சரியாகப் போகும். தனியார் பள்ளியிலோ, எம்.ஏ. முடித்ததற்காகச் சம்பளத்தைக் கூட்டும் தாளாளர் அபூர்வம்.

ஆகவே பணம் கட்டும் முன் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும் பாடமும் உங்கள் சேர்க்கை ஆண்டுக்கு அனுமதி பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். குறிவைக்கும் வேலையின் பழைய அறிவிக்கையை எடுத்துத் தகுதிப் பகுதியை ஒருமுறை வாசியுங்கள். ஆன்லைனிலேயே பி.எட். முடித்துத் தருவதாக யாராவது சொன்னால், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.