கார்லோ ராட்டி

கார்லோ ராட்டி (பிறப்பு: 1971, தூரின்) இத்தாலியக் கட்டிடக் கலைஞரும் பொறியாளரும் பேராசிரியரும் ஆவார். நகரங்களில் அன்றாடம் பதிவாகும் தரவுகள் நகர வடிவமைப்புக்கும் நிர்வாகத்துக்கும் எவ்வாறு பயன்படும் என்பதை ஆராய்ந்து வருகிறார்.

கல்வியும் பணியும்

தூரினிலும் பாரிசிலும் பொறியியல் பயின்ற இவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 2004-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 'சென்ஸபிள் சிட்டி லேப்' என்ற ஆய்வகத்தை நிறுவினார். 2025-இல் வெனிஸ் கட்டிடக்கலைக் கண்காட்சியின் பொறுப்பாளராக இருந்தார்.

ஆய்வுகள்

2009-இல் சியாட்டில் நகர மக்கள் வீசிய சுமார் 3,000 குப்பைப் பொருட்களில் இருப்பிடம் காட்டும் சிறு கருவிகளைப் பொருத்தி, அவை செல்லும் வழியை இவரது ஆய்வகம் பின்தொடர்ந்தது. சில மின்னணுக் கழிவுகள் நாட்டின் மறுகோடி வரை பயணித்தது தெரியவந்தது.

நியூயார்க்கின் 15 கோடிக்கும் மேற்பட்ட வாடகைக் கார்ப் பயணங்களை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை, பயணிகள் சில நிமிடத் தாமதத்தை ஏற்றுக் கார்களைப் பகிர்ந்துகொண்டால் மொத்தப் பயணத் தூரம் 40 விழுக்காடு அல்லது அதற்கும் மேல் குறையக்கூடும் எனக் காட்டியது.

தனியுரிமைச் சிக்கல்

தரவுகளின் மறுபக்கத்தையும் இதே ஆய்வகம் சோதித்தது. சிங்கப்பூரில் பெயர் நீக்கப்பட்ட கைப்பேசிப் பதிவுகளையும் போக்குவரத்து அட்டைப் பதிவுகளையும் 2018-இல் ஒப்பிட்டது. ஒரு வாரத் தரவைக் கொண்டே சுமார் 17 விழுக்காட்டினரின் இருவகைப் பதிவுகளையும் இணைக்கலாம்; 11 வாரத் தரவு இருந்தால் இது 95 விழுக்காட்டை எட்டும் என மதிப்பிட்டது. எனவே, பெயரை நீக்குவது மட்டுமே குடிமக்களின் தனியுரிமைக்குக் காப்பாகாது. தரவுகளைத் திரட்டும் நகர நிர்வாகங்கள் முதலில் கருத வேண்டியது இதுவே.