உயிரணுவின் தறி

கொள்ளிடம் கடலை நெருங்கும் இடத்துக்கு வடக்கே, நெல்வயல்கள் சூழ விளங்குவது சிதம்பரம். 1952ஆம் ஆண்டில் அவ்வூரிற் பிறந்தவர் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். தாயார் அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியப் பணி புரிந்தவர். தந்தையார் உயிர்வேதியியல் வல்லுநர். மூன்றாம் வயதிலேயே குழந்தை பெற்றோருடன் பரோடாவுக்குச் சென்றது.

இராமகிருஷ்ணன் 1971இல் பரோடாவில் பௌதிகப் பட்டம் பெற்றார். 1976இல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக் கழகத்தில் அதே துறையில் டாக்டர் பட்டமும் பெற்றார். பிறராயின் அப்பட்டத்தைக் கொண்டு ஒரு பதவியில் அமர்ந்திருப்பர். அவர் மனமோ உயிரியலை நாடியது. டாக்டர் பட்டம் பெற்றவர், கலிபோர்னியாவில் மீண்டும் மாணவராகி, இளையோருடன் அமர்ந்து உயிரியலின் தொடக்கப் பாடங்களைக் கற்றார். இரண்டாண்டுகளுக்குப் பின் யேல் பல்கலைக் கழகத்தில் அவர் மேற்கொண்ட பொருளே வாழ்நாள் ஆராய்ச்சியாயிற்று. அப்பொருள் ரைபோசோம்.

கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்துப் பட்டுத் தறிகளைச் சிலர் கண்டிருக்கலாம். தறியின் மேல் துளையிட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கும். துளைகளுக்கேற்பப் பாவு நூல்கள் எழும். ஊடு நூல் ஓடும். கரையிலே மயில் உருப்பெறும். அட்டை தானே சேலையாகாது. அதன்படி நெய்யும் தறி வேண்டும். உயிரணுவில் மரபுச் செய்தியே அட்டை, ரைபோசோமே தறி. அது செய்தியை மும்மூன்று எழுத்துகளாகப் படித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய அமினோ அமிலத்தைக் கோத்துப் புரதமாக்குகின்றது. முளைக்கும் நெல்லிலும், சோறுண்ணும் நம் உடலிலும், நெற்பயிரைக் கெடுக்கும் பாக்டீரியாவிலும் இத்தறி இயங்குகின்றது. ஓரிடத்தில் மட்டும் உவமை பொருந்தாது. பட்டுத் தறியில் பிழை நேரின் நெசவாளர் கண்டு திருத்துவார். ரைபோசோமோ தன் பிழையைத் தானே தடுத்துக்கொள்ளல் வேண்டும். எங்ஙனம் தடுக்கின்றது?

விடை காண அதன் அமைப்பை அறிதல் வேண்டும். அதன் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே ரைபோசோம்களை அணியணியாக அடுக்கிப் படிகமாக்கி, அதன்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறும் முறையைக் கொண்டு அணுக்களின் இடங்களைக் கணக்கிடுவர். வேதாரண்யத்து உப்பளங்களில் உப்பு வெயிலிலேயே படிகமாகிவிடும். எண்ணற்ற அணுக்களைக் கொண்ட, நெகிழும் இயல்புடைய ரைபோசோம் அவ்வளவு எளிதில் அடுக்குக்கு இசையாது. 1980 வாக்கில் முதன்முதல் அதனைப் படிகமாக்கி வழிகாட்டியவர் இஸ்ரேல் நாட்டு அதா யோனத் அம்மையார்.

1999இல் இராமகிருஷ்ணன், ஊதியம் குறையும் என்றறிந்தும், நீண்டகால ஆராய்ச்சிக்கு ஆதரவளித்த கேம்பிரிட்ஜ் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வேறு குழுவினரும் அதே இலக்கை நோக்கி விரைந்துகொண்டிருந்தனர். சில மாதம் பிந்தினும் முதன்மை பிறர்க்கு உரியதாகிவிடும். வெப்பத்தைத் தாங்கும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோமில் சிறு பகுதியை அவர் குழுவினர் ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் அதன் அமைப்பை வெளியிட்டனர். பெரும் பகுதியின் அமைப்பைத் தாமஸ் ஸ்டைட்ஸ் குழுவினர் முந்திய மாதமே வெளியிட்டிருந்தனர். இம்மூவருக்கும் 2009இல் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

சிறு பகுதியே பிழையைத் தடுக்கும் காவலன் என்பது தெளிவாயிற்று. செய்தியின் எழுத்தும் அதனுடன் இணைய வரும் எழுத்தும் சரியாகப் பொருந்துகின்றனவா என்பதை, அவ்விணைப்பின் வடிவத்தை அளந்தே அது தேர்கின்றது.

1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயை அடக்கிய முதல் மருந்து. நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கும் உழவர்கள் அதனை நெடுங்காலம் தெளித்து வந்தனர். அம்மருந்து சிறு பகுதியில் எங்கே பற்றுகின்றது என்பதையும் இராமகிருஷ்ணன் குழுவினர் 2000இலேயே காட்டினர். அது பற்றியதும் காவல் தளர்கின்றது. தவறான அமினோ அமிலங்கள் கோக்கப்படுகின்றன. பாக்டீரியாவின் நெசவு கெடுகின்றது. பாக்டீரியாவும் வாளா இருப்பதில்லை. அவற்றுட் சில அவ்விடத்தைச் சிறிதே மாற்றிக்கொண்டு மருந்துக்கு அடங்காதனவாகின்றன. அவற்றுக்கு ஏற்ற புதுமருந்து தேடும் ஆய்வாளர்கள், ரைபோசோமின் அவ்வமைப்பை முன்வைத்தே பணிபுரிகின்றனர்.