உளவு நாவலுக்கு மலையகத்தைவிடப் பொருத்தமான களம் இல்லை

உளவு நாவல் என்றால் நம் வாசகர்களுக்கு லண்டனும் மொஸ்கோவும் டில்லியும்தான் நினைவுக்கு வருகின்றன. மலையக நாவல் என்றால் லயம், அட்டைக்கடி, கண்ணீர். இரண்டும் ஒட்டவே ஒட்டாதவை என்ற எண்ணம் நம் வரலாற்றைச் சரியாகப் பார்க்காததால் வந்தது. பிரித்தானியர் காலத்துத் தோட்டத்தில் உண்மையை அறியவே ஒருவர் ஒளிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. விறுவிறுப்பான அரசியல் சதி நாவல் ஒன்று ஈழத்துத் தமிழில் வேர்விட இதைவிட நல்ல மண் கிடையாது.

அன்று தோட்டம் துரையின் கோட்டை. அனுமதியின்றி வெளியாள் காலெடுத்து வைத்தால் அத்துமீறல் குற்றம். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் இந்தத் தடையைத் தாண்ட எடுத்த வழி, புடவை வியாபாரி வேடம். சங்கக்காரனுக்குத் திறக்காத தோட்டம் துணி மூட்டைக்குத் திறந்தது. லயம் லயமாகப் போய்த் தொழிலாளரின் நிலையை நேரில் அறிந்தார். 1931ல் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தைத் தொடங்கிய அவர், 1936ல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1920களில் 'மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறன்' என்ற கதையை எழுதியவரும் இவரே. ஆக, துப்பறியும் கதை மலையகத்துக்குப் புது விருந்தாளி அல்ல. இங்கே எழுத்து முளைவிட்ட காலத்திலேயே அதுவும் இருந்தது.

அடுத்தது 1937. மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தொழில் பழக வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர், தொழிலாளர் பக்கம் சாய்ந்து வேலையை இழந்து, லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத்துரைமாரைக் கண்டித்துப் பேசினார். தம் இனத்தவன் ஒருவனே கூலிகள் முன்னால் துரைத்தனத்தைத் தோலுரிப்பதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. 48 மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேறும்படி ஆளுநர் ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். பிரேஸ்கேர்டில் தலைமறைவானார், பொலிஸ் வலைவீசித் தேடியது. மே 5ஆம் திகதி ஆளுநருக்கு எதிரான கண்டனத் தீர்மானம் அரசாங்க சபையில் 34க்கு 7 என நிறைவேறியது. அன்றே காலிமுகத்திடலில் திரண்ட பெருங்கூட்டத்தின் மேடையில், தேடப்பட்ட மனிதரே வந்து நின்றார். பிறகு கைதானபோது, நாடுகடத்தும் கட்டளை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. இதில் ஒரு திருப்பத்தைக்கூட நாவலாசிரியர் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

விறுவிறுப்புக்காக எழுதினால் தொழிலாளரின் துயரம் மலிவாகிவிடும் என்று சிலர் அஞ்சுவார்கள். அஞ்ச வேண்டியது விறுவிறுப்புக்கு அல்ல, பொய்க்கு. திகதியையும் சட்டத்தையும் மாற்றாமல் எழுதினால், ஆய்வு நூலைத் தொடாத இளைஞனும் அத்துமீறல் சட்டம் யாருக்காக இருந்தது என்பதை ஓரிரவில் புரிந்துகொள்வான். முடிவு தெரிந்த கதையில் சுவை ஏது என்றும் கேட்கலாம். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது தெரிந்தும் நாம் அவன் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோமே!

இவற்றைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: இங்கும் நாயகன் ஒரு வெள்ளைக்காரன்தானா? நியாயமான கேள்வி. பிரேஸ்கேர்டிலுக்காக அரசாங்க சபை கூடியது, வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கொன்ற கோவிந்தன் என்ற தொழிலாளிக்கு உயிரோடு நீதிமன்றப் படியேறும் வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை. எனவே கதையைச் சொல்லும் கண் பங்களாவில் இருக்கக் கூடாது. பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்கும் பெண்ணும், கேட்டதைத் துரையிடம் சொல்வதா மறைப்பதா என்று தவிக்கும் கணக்கப்பிள்ளையும் அதன் மையமாக வேண்டும். காட்டிக்கொடுத்தலும் காப்பாற்றலும் அவர்கள் கையில்தான் இருந்தன.

மலையகத்து இளம் எழுத்தாளர்கள் ஆவணக்காப்பகத்திலுள்ள பழைய பத்திரிகைகளையும் அரசாங்க சபை அறிக்கைகளையும் புரட்டி இந்த நாவலை எழுத வேண்டும். பதிப்பாளர்கள் துணிந்து வெளியிட வேண்டும். நம் முன்னோர் அனுதாபத்துக்குரியவர்களாக மட்டும் வாழவில்லை. துணிந்து போராடினார்கள் என்பதை நம் பிள்ளைகள் மூச்சுவிடாமல் படித்து அறியட்டும்.